படித்துக் காட்டாமல் கையெழுத்து இல்லை

செஞ்சியில் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி எனக்கு ஒரு மேசை இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக அங்கே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். என்னைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. பத்திரத்தைச் சுத்தமாக எழுதுவான் என்பது ஒன்று. எழுதி முடித்த பிறகு உயிரை எடுப்பான் என்பது இன்னொன்று.

இரண்டாவதற்குக் காரணம் என் வழக்கம். எழுதியதை நான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். படித்துவிட்டு, "புரிந்ததா" என்று மட்டும் கேட்கவே மாட்டேன். அப்படிக் கேட்டால் இந்தத் தாலுகாவில் பிறந்த எவனும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வான். அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். அதனால், "நீ விக்கிற நெலத்துக்குக் கெழக்கால யாரு நெலம், சொல்லு" என்பேன். "கெணத்துல உனக்கு இன்னா பங்கு, உன் வாயால சொல்லு" என்பேன். விற்பவர் தன் வாயால் சரியாகத் திருப்பிச் சொல்கிற வரை பேனா என் சட்டைப்பையை விட்டு வெளியே வராது.

அனந்தபுரத்துக்காரர் ஒருவர் பொறுமை இழந்து, "நீ பத்திரம் எழுதறவனா, பரீட்சை வைக்கிற வாத்தியாரா?" என்று கேட்டார். அந்தப் பரீட்சையில்தான் அவர் தன் வடக்கு எல்லையையும் தெற்கு எல்லையையும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதை நான் இன்றுவரை அவருக்கு நினைவுபடுத்தத் தவறியதில்லை.

இவ்வளவு வாய் பேசுகிற நான்தான், என் அண்ணன் உயிரோடு சம்பந்தப்பட்ட காகிதத்தில், ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேல்மலையனூர் போகிற ரோட்டில் எங்கள் நிலம் இருக்கிறது. நான் மேசைக்கு வந்துவிட்டேன், அவர் நிலத்திலேயே இருந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணி போன பிறகு எங்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். போன வருடம் கோடைக்கு முன்னால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். கால் வீங்கி, செருப்பைக் கழற்றினாலும் வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது. "வேர்க்கடல தூசு" என்றார். நானும் தூசு என்றே நம்பினேன். ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனோம். வழியெல்லாம் வியர்த்துக் கொட்டியது எனக்கு. வாசலில் இறங்கியதும் நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்தும் விட்டேன். பின்னாலேயே வந்த என் மனைவி, "ஏங்க, எந்திரிங்க, மாமா நிக்கிறாரு" என்று தோளில் தட்டிய பிறகுதான் எழுந்தேன்.

அண்ணன் மூக்கில் ஆக்சிஜன் முகமூடியைப் பார்த்ததும் எனக்கு மீதியிருந்த புத்தியும் போய்விட்டது. போனை எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் அழைத்து, "கெளம்பி வந்துடுங்க" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. மறுநாள் காலை சித்தி மகன் ஒரு பையோடு வந்து நின்றான். பைக்குள் ரோஜா மாலை. அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, மாலை யாருக்கு?"

"மலையனூர் அம்மனுக்குண்ணா. அமாவாசை வருதில்ல."

"அமாவாசைக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்குது. அதுக்குள்ள வாடிடும். வாங்கியாந்தது வாங்கியாந்துட்ட, போட்டுட்டுப் போ."

சித்தி மகன் என்னைப் பார்த்தான். நான் கூரையில் மின்விசிறி எத்தனை என்று எண்ணினேன்.

ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டாக்டர் ஓர் இளம்பெண். இரவெல்லாம் தூங்காத கண். நின்றபடியே சொன்னார்: "இதயத்தோட பம்ப் வீக்கா இருக்கு. உடம்புல நீர் சேர விடாதீங்க. தண்ணி ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான். உப்பு கம்மி பண்ணுங்க. மாத்திரைய விட்டுடாதீங்க. வெயிட்டப் பாத்துக்கோங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

இதைச் சொன்னது நான். தலையை மூன்று முறை ஆட்டினேன். அவர் நல்ல வார்த்தை சொல்கிற வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் அண்ணன் பிழைத்துவிடுவார் என்று ஏதோ ஒரு கணக்கு எனக்கு. கவுன்டரில் இரண்டு பக்க ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டினார்கள். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் மேசைக்கு எதிரே இதைச் செய்திருந்தால் என்னை நானே எழுப்பி விரட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் கடமையில் இறங்கினேன். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் காலி ஜூஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி, பத்திரத்துக்குக் கோடு போடுகிற ஸ்கேலால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நேரம் எழுதினேன். அந்தப் பாட்டிலைத் தவிர வேறு எங்கிருந்தும் அண்ணனுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. செஞ்சிக் கோட்டைக்குக்கூட அந்தக் காலத்தில் இப்படிக் காவல் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். தாகம் என்று அவர் கேட்டால் பாட்டிலைக் காட்டுவேன்.

"அடுத்த கோட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுண்ணா."

"நீ என் தம்பியா, ஜெயில் வார்டனா?"

கோடை தொடங்கிவிட்டது. சுற்றிலும் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி எங்கள் மேல் இறக்குகிற ஊர் இது. தண்ணீரைக் குறைத்ததில் அவர் உடம்பு காய்ந்துவிடக் கூடாதே என்று சாப்பாட்டைக் கவனமாகக் கொடுத்தோம். காலையில் ஒரு செம்பு கேழ்வரகுக் கூழ். பதினோரு மணிக்கு இளநீர். மதியம் ரசமும் மோரும் தாராளமாக விட்டுப் பிசைந்த சோறு. சாயங்காலம் தர்பூசணி. ஆஸ்பத்திரியில் இளைத்துப்போயிருந்தார், வெயிட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களே என்று இரண்டாவது கரண்டியும் வைத்தோம். குழம்பில் உப்பைப் பாதியாக்கினாள் என் மனைவி. அது வாயில் வைக்க விளங்கவில்லை என்பதால், பக்கத்தில் மோர் மிளகாயும் நார்த்தங்காய் ஊறுகாயும், ஞாயிற்றுக்கிழமை கருவாடும் வைத்தாள். அவற்றுக்கு நாங்கள் உப்புப் போடவில்லை, அவை வரும்போதே அப்படித்தான் வருகின்றன.

எங்களைப்போல அண்ணனைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைத்தேன். பதினோராவது நாள் அவர் மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கினார். காலில் விரலை வைத்து அழுத்தினேன். பள்ளம் விழுந்தது விழுந்தபடியே இருந்தது.

மறுபடி அதே ஆஸ்பத்திரி. அனுமதி போடுகிற இடத்தில் இருந்தவர் பழைய தாளைப் புரட்டிவிட்டு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"இஷ்டத்துக்குத் தண்ணியக் குடுத்துட்டுத் திரும்ப இங்க தூக்கிட்டு வந்துடறது. கூட இருக்கறவங்க கொஞ்சம் படிச்சவங்களா இருந்தா எங்களுக்கும் நிம்மதி."

என் கையிலிருந்த பையில் அந்தப் பாட்டில் இருந்தது. பதினோரு நாளின் கோடும் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். நான் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிறவிக் கோளாறு. அந்த டாக்டர் அம்மா சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்து, "ஒவ்வொரு தடவை நீர் சேரும்போதும் இதயம் இன்னும் தளருது. இதே மாதிரி இன்னொரு தடவை வந்தா, என்னால உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"நீர் சேரக் கூடாதாம்."

"அதான் போன வாட்டியும் சொன்னாங்க. நாம இன்னாத்த தப்பு பண்ணோம்?"

"தெரியல."

"கேக்கறதுதான?"

"எப்டி கேக்கறது? அவங்க புரிஞ்சுதான்னாங்க, நான் புரிஞ்சுதுன்னுட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "உங்க டேபிளுக்கு வந்து ஒருத்தன் இப்டிச் சொன்னா, கையெழுத்து போட உட்ருவீங்களா? அவனோட பாட்டன் பேர் வரைக்கும் கேப்பீங்களே. அரை காணி நெலத்துக்கு அவ்ளோ கேள்வி. மாமாவுக்கு ஒண்ணும் இல்லியா?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டுத் தப்பித்திருப்பேன்.

ஐந்து நாள் கழித்து மறுபடி அதே கவுன்டர், அதே ஆங்கிலத் தாள், அதே பென்சில் குறி. இந்த முறை என் பையில் பத்திரத்துக்கு எழுதுகிற பச்சைத் தாள் ஒன்று இருந்தது. அதில் முந்தின நாள் நான் முத்து முத்தாக எழுதியிருந்தேன்.

"சார், சைன் பண்ணுங்க."

"படிச்சிக் காட்டுங்கம்மா."

"இங்கிலீஷ்ல இருக்குது சார்."

"அதனாலதான் கேக்கறேன்."

"பின்னாடி இவ்ளோ பேர் நிக்கறாங்க. டாக்டர் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சுதான்னு பாக்கணும். அவங்களக் கூப்புடுங்க."

"ரவுண்ட்ஸ்ல இருக்காங்க."

"வரட்டும். நான் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தேன்.   பேனாவைச் சட்டைப்பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒருவர், "ஏம்பா, போட்டுட்டுப் போயேன்" என்றார். "இவரு புரியாம போட்டா, இவரு அண்ணன வந்து நீங்க பாத்துக்குவீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அவர் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

அரைமணி கழித்து டாக்டர் வந்தார். முகத்தில் கோபம் இருந்தது. "என்ன பிரச்சினை?"

"பிரச்சினை இல்ல டாக்டர். நீங்க சொன்னத நான் திருப்பிப் படிக்கறேன். தப்பா இருந்தா அடிச்சுடுங்க. ரெண்டு நிமிஷம்."

அவர் மறுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன். பதிவாளர் முன்னால் படிக்கிற குரலே வந்தது. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தைரியமான குரல்.

"ஷரத்து ஒன்று. மேற்படி அண்ணனுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் மட்டும், கோடு போட்ட பாட்டிலில் அளந்து கொடுக்கப்படும். கூழ், மோர், ரசம், இளநீர், தர்பூசணி ஆகியவை சாப்பாட்டு இனத்தைச் சேர்ந்தவை ஆகையால் மேற்படி அளவில் சேராது."

"இருங்க" என்றார் டாக்டர். "கடைசி வரிய இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"கூழ் எவ்ளோ?"

"ஒரு செம்பு. ஜாஸ்தி இல்ல."

"மோர்?"

சொன்னேன். இளநீரைச் சொன்னேன். ரசத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த சீட்டின் பின்னால் ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினார். பிறகு கவுன்டருக்குள் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு லிட்டரத் தாண்டுது."

 தண்ணீருக்குக் காவல் போட்டுவிட்டு, அண்ணனைச் செம்பு செம்பாக மூழ்கடித்தது நான்தான்.

"நான் தண்ணின்னுதான் சொன்னேன்" என்றார் அவர், கொஞ்சம் தணிந்து. "வாய்க்குள்ள போற நீர் அத்தனையும்னு சொல்லியிருக்கணும். அடிச்சுட்டு எழுதுங்க. கூழும் சேரும். டீயும் சேரும். மாத்திரை போடக் குடிக்கறதும் சேரும்."

வரிசையில் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அப்ப எங்க வூட்டுக்காரரு குடிக்கிற கஞ்சி?" என்றார். காலண்டர் பார்த்துக்கொண்டிருந்தவரும் திரும்பிவிட்டார். டாக்டர் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார்.

இரண்டாவது ஷரத்தில் மோர் மிளகாயும் ஊறுகாயும் கருவாடும் அடிபட்டன. மூன்றாவது, "அண்ணனை இளைக்க விடாமல் தேற்றுவது." டாக்டர் அதைக் கேட்டுக் கண்ணை மூடித் திறந்தார். வெயிட்டைப் பார்ப்பது என்றால் தினமும் காலையில், மூத்திரம் போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால், தராசில் நிறுத்தி எழுதிவைப்பது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வந்துவிட வேண்டும். எல்லாவற்றையும் அடித்து எழுதி, மறுபடி முழுக்கப் படித்துக் காட்டி, அவர் "சரி" என்ற பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

தராசு வாங்கி, அது பழுதாகி என்ற வம்பெல்லாம் வேண்டாம் என்று, எங்கள் தெருமுனை நெல் மண்டியின் தராசையே பிடித்துக்கொண்டேன். மூட்டை போடுவதற்கு முன்னால், காலை ஆறரைக்கு, அண்ணன் அதில் ஏறி நிற்பார். முதல் நாள் அவர் ஏற மறுத்தார்.

"என்னை இன்னா பொன்னி மூட்டைன்னு நெனச்சியா?"

மண்டிக்காரர் விடவில்லை. "ஏறுண்ணா, ஈரப்பதம் பாக்கறோம்" என்றார். அதுதான் நிஜமும்கூட.

காலையில் கூழ் ஒரு டம்ளரானது. அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது கூழா, கூழோட போட்டோவா?" என்பார். மாதங்கள் போயின. அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். குறட்டையில் எனக்குத் தூக்கம் போனது. அந்தக் குறட்டையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மேசைக்கு இப்போது ஆஸ்பத்திரித் தாளோடும் சிலர் வருகிறார்கள். மாத்திரைக்கு அர்த்தம் சொல்கிற வேலையை நான் செய்வதில்லை, அது எனக்குத் தெரியாது. என்ன புரிந்தது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லி, தமிழில் எழுதி, "இத அவங்களுக்குப் படிச்சிக் காட்டு, சரின்னு சொன்னாதான் எந்திரி" என்று அனுப்புகிறேன். "அவங்க கோவிச்சுக்குவாங்களே" என்பார்கள். கோபித்துக்கொள்ளட்டும். கோபத்தால் எவருக்கும் கால் வீங்கியதில்லை. ஒரு கம்பவுண்டர் என்னைக் குழப்பவாதி என்று சொல்லித் திரிவதாகக் கேள்வி. பத்திரத் தொழிலில் இதைவிடப் பெரிய பட்டமெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவு கெட்டிக்காரனான பிறகு, இந்த வருடம் வேர்க்கடலை பிடுங்கும் நேரத்தில், தராசு மூன்று நாளில் இரண்டு கிலோ காட்டியது.

முதலில் தராசு பொய் சொல்கிறது என்றேன். நான் ஏறி நின்று பார்த்தேன். ஒரு மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். மண்டிக்காரரையும் ஏற்றினேன். தராசு எல்லோருக்கும் நியாயமாகவே இருந்தது. வீட்டுக்கு ஓடி, அண்ணன் குடிப்பதையெல்லாம் நான் குறித்துவைக்கிற நோட்டைப் புரட்டினேன். டம்ளர் டம்ளராக எல்லாம் சரியாக இருந்தது. மனைவி அதற்குள் அண்ணனின் சட்டையை எடுத்து வைத்துவிட்டாள். இந்த முறை நான் சொந்தக்காரர் எவருக்கும் போன் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

டாக்டர் முன்னால் நோட்டை விரித்து ஆரம்பித்தேன். "காலைல நூத்தம்பது மில்லி டாக்டர், பத்து மணிக்கு எரநூறு, அண்ணனுக்கு ராத்திரி தாகம் எடுக்கறதில்ல, அண்ணனுக்கு இப்ப மூச்சு பரவால்ல, அண்ணனுக்கு..."

"நிறுத்துடா" என்றார் அண்ணன்.

நிறுத்தினேன்.

"உன் டேபிள்ல நெலத்துக்காரன் வாயத் தொறக்காம அவன் தம்பி பேசுனா ஒத்துக்குவியா? பத்திரம் என் பேர்ல இருக்குது. நீ செத்த சும்மா இரு."

டாக்டர் நாற்காலியை என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் திருப்பினார்.

"மோட்டார் கொட்டாயில குடிச்சேம்மா" என்றார் அண்ணன். "மூணு நாளா. வேர்க்கடல பிடுங்கறாங்க, பக்கத்துலயே தண்ணி கொட்டுது. கைய வெச்சுக் குடிச்சேன். இவன் நோட்டுல அது இல்ல. என் மூச்சு எப்டி இருக்குதுன்னு எல்லாரும் இவனத்தான் கேக்கறாங்க. என்னை ஒருத்தரும் கேக்கல. எனக்குத் தெரியும், ரெண்டு நாளா படி ஏறறப்ப வாங்குது."

எத்தனை பத்திரத்தில் எத்தனை பேரை "நீ பேசாதே, அவரு பேசட்டும்" என்று அடக்கியிருக்கிறேன். இந்த ஒன்றரை வருடத்தில் அண்ணனிடம் ஒரு ஷரத்தைக்கூட நான் படித்துக் காட்டவில்லை. டாக்டரிடம் காட்டினேன், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி காட்டினேன், அவரிடம் பாட்டிலை மட்டும் காட்டினேன்.

டாக்டர் அவரைப் பரிசோதித்தார். அட்மிஷன் வேண்டாம், சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை நான்கு நாளைக்குக் கூட்டிக் கொடுத்தார். பிறகு, "ஐயா, இப்ப நீங்க சொல்லுங்க, வீட்ல போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று அவரையே கேட்டார்.

அண்ணன் விரல் விட்டுச் சொன்னார். ஒன்றரை லிட்டரில் ஒரு பங்கைக் கழனிக்குத் தனியாக ஒதுக்க வேண்டும், அதைத் தன் கையால் தானே மொண்டு குடிப்பேன், அதற்குப் பதில் சாயங்கால டீயை விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசினார். டாக்டர் ஒப்புக்கொண்டார். இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், நான் காவலில் இருந்தேன்.

கவுன்டரில் புதிய சீட்டை என் பக்கம் நீட்டினார்கள். நான் அதை அண்ணன் பக்கம் தள்ளினேன். பேனாவையும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பேனாவை வாங்கித் தன் பையில் செருகிக்கொண்டு, முன்னாலிருந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"படிச்சிக் காட்டும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "நிதானமா படி. எனக்கு இன்னா அவசரம்."

நான் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.